முதல் தகவல் அறிக்கையில் எவர் பெயர்? ஐதராபாத் உயர் நீதிமன்றமும் மோதல் சாவு வழக்குகளும்

ஐதராபாத் நகரில் மூசி ஆற்றின் தென்கரையில் நிற்கும் உயர் நீதிமன்றக் கட்டடம் 1920இல் நிஜாம் ஆட்சியில் திறக்கப்பட்டது. நிஜாமின் ஐதராபாத், இந்திய ஒன்றியத்தோடு இணைந்த ஐதராபாத் மாநிலம், 1956இல் உருவான ஆந்திரப் பிரதேசம், 2014க்குப் பின் சில ஆண்டுகள் இரு மாநிலங்களுக்கும் பொது, 2019 ஜனவரி 1 முதல் தெலங்கானா எனக் காலந்தோறும் அதன் ஆட்சி எல்லை மாறி வந்துள்ளது. இம்மாற்றங்களுக்கு இடையிலும் அந்நீதிமன்றத்தின் முன் மீண்டும் மீண்டும் வந்து நின்ற கேள்வி ஒன்று உண்டு. அரசின் ஆயுதம் தாங்கியோர் ஒருவரைக் கொன்றுவிட்டால், அது குற்றமா, தற்காப்பா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் யார் என்பதே அது. கொன்றவரின் துறையா, மாவட்ட நிர்வாகமா, நீதிமன்றமா?

குடியுரிமை இயக்கத்தார் இக்கேள்வியை முன்வைத்துத் தொடுத்த வழக்குகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. வெற்றி தோல்விக் கணக்காக மட்டும் எழுதினால் இவ்வரலாற்றில் தோல்விகளே மிகுந்து காணப்படும். எனினும் அவ்வழக்குகள் செய்த ஒரு பணி கவனிக்கத்தக்கது. அரச வன்முறை பற்றிய பெரும் அரசியல் வாதத்தை, காவல் நிலையப் பதிவேட்டில் குற்றஞ்சாட்டப்பட்டவர் பெயரை எழுதும் ஒரு சிறு கட்டத்திற்குள் அவை கொண்டுவந்து நிறுத்தின. வாதம் இவ்வாறு சுருங்கியதே அதன் வலிமையாயிற்று.

நாட்டெல்லைக்கு வெளியே இருந்த நீதிமன்றம்

1950இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே சென்னை மாநிலத்திலிருந்து இரு பெரும் உரிமை வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் முடிவு கண்டன. ஏ.கே. கோபாலனின் தடுப்புக்காவல் வழக்கு தோற்றது. ரொமேஷ் தாப்பரின் 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் மாநிலத்திற்குள் வருவதைத் தடுத்த ஆணை வீழ்ந்தது. இரண்டும் அவ்வாண்டு மே மாதத்துத் தீர்ப்புகள். தமிழகத்து வாசகர் நன்கறிந்த இவ்விரண்டோடு ஒப்ப வைத்துப் பேசப்பட வேண்டிய ஐதராபாத் வழக்கு, சட்டப் பாடநூல்களுக்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

1948 செப்டம்பரில் இந்தியப் படை ஐதராபாத்தினுள் நுழைந்தபின், தெலங்கானா உழவர் எழுச்சியில் ஈடுபட்டோர்மீது தொடரப்பட்ட கொலை வழக்குகளைத் தனித் தீர்ப்பாயங்கள் விசாரித்தன. அவை விதித்த மரண தண்டனைகளை ஐதராபாத் உயர் நீதிமன்றம் 1949 டிசம்பரில் உறுதி செய்தது. ஏறத்தாழ ஆறு வாரம் கழித்து அரசமைப்புச் சட்டம் பிறந்தது. தண்டனை பெற்றோர் சார்பில் ஜனார்தன் ரெட்டி முதலானோர் பெயரில் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றபோது, வாதிட இங்கிலாந்திலிருந்து டி.என். பிரிட் என்னும் புகழ்பெற்ற வழக்குரைஞர் வந்தார்.

உச்ச நீதிமன்றம் முதலில் மேல்முறையீட்டு வாயிலை அடைத்தது. தீர்ப்பு வழங்கப்பட்ட நாளில் ஐதராபாத் உயர் நீதிமன்றம் இந்திய ஆட்சிப் பரப்பில் அமைந்த நீதிமன்றம் அன்று. ஆதலின் அதன் தீர்ப்பின்மேல் சிறப்பு அனுமதி கோர இயலாது என்பது காரணம். பின்னர் அடிப்படை உரிமையின் பேரில் தொடுத்த ஆட்கொணர்வு மனுக்களில், தங்களுக்கு வழக்குரைஞரை அமர்த்திக்கொள்ளத் தக்க வாய்ப்பு அளிக்கப்படவில்லை என மனுதாரர் கூறினர். விசாரணை முறையில் குறை இருந்திருப்பினும், அதிகாரம் பெற்ற நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பை ஆட்கொணர்வு வழியாகத் திறக்க இயலாது என 1951 மார்ச்சில் அம்மனுக்களும் தள்ளப்பட்டன. தூக்குத் தண்டனைகள் பின்னர் ஆயுள் தண்டனைகளாகக் குறைக்கப்பட்டன. உயிர் பிழைத்தமைக்குத் தீர்ப்பு நேரடிக் காரணமன்று. வழக்கு நடந்த மாதங்களில் தண்டனை நிறைவேறாமல் தள்ளிப்போனதும், அதனால் விளைந்த கவனமும், அரசியல் சூழல் மாறியதுமே அவர்களைக் காத்தன எனலாம். வழக்கால் கிடைக்கும் பயன் தீர்ப்பில் மட்டும் இல்லை என்பதை ஐதராபாத் அன்றே அறிந்துகொண்டது.

கண்ணபிரானும் குடியுரிமைச் சங்கமும்

ஆழ்வார் பாசுரங்களில் பயிலும் ஒரு பெயரைத் தாங்கிய கே.ஜி. கண்ணபிரான் (1929–2010) சென்னையில் கல்வி பயின்று, 1960களின் தொடக்கத்தில் ஐதராபாத்தில் தொழில் நடத்தத் தொடங்கினார். ஸ்ரீகாகுளம் எழுச்சிக்குப் பின் நக்சலைட்டுகள்மீது தொடரப்பட்ட சதி வழக்குகளில் எதிர்த்தரப்புக்கு வாதிட்டவர்களுள் அவர் முன்வரிசையில் நின்றார். 1974இல் கவிஞர் ஸ்ரீஸ்ரீயைத் தலைவராகக் கொண்டு அமைந்த 'பௌர ஹக்குல சங்கம்' எனும் ஆந்திரப் பிரதேசக் குடியுரிமைச் சங்கத்திற்கு 1978 முதல் ஏறத்தாழ 15 ஆண்டுகள் தலைமை ஏற்றார். பின்னர் மக்கள் குடியுரிமைக் கழகத்தின் தேசியத் தலைவரானார்.

அதிலாபாத் மாவட்டக் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற பூமய்யா, கிஷ்டா கௌடு ஆகிய இருவரையும் காப்பதற்கு நடந்த சட்டப் போராட்டம், தண்டனையைச் சில மாதங்கள் தள்ளிப்போட்டதோடு நின்றது. அவசரநிலை நடப்பிலிருந்த 1975 டிசம்பர் 1 அன்று முஷீராபாத் சிறையில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். 1951இல் உதவிய காலத்தாழ்வு 1975இல் உதவவில்லை. நீதிமன்றங்களின் வாய் அடைபட்ட காலம் அது.

தூக்குத் தண்டனை எத்துணைக் கொடியதாயினும் அதற்கு ஒரு வழக்கு எண் உண்டு; சாட்சி உண்டு; மேல்முறையீடு உண்டு. அவசரநிலையின் முதல் மாதத்திலேயே மேதக் மாவட்டத்துக் கிராயிப்பள்ளிக் காட்டில் இளைஞர் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்வில் இவை எவையும் இல்லை. அவசரநிலை நீங்கியபின் நீதிபதி வி.எம். தார்குண்டே தலைமையிலான குழு அந்நிகழ்வு முதலானவற்றை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. கண்ணபிரான் அக்குழுவில் பணியாற்றினார். அதன் விளைவாக 1977இல் நீதிபதி பார்கவா ஆணையம் அமைந்தது. திறந்த மன்றில் தொடங்கிய விசாரணையை மூடிய அறைக்குள் நடத்துவது என்று வந்தபோது குடியுரிமைத் தரப்பு அதிலிருந்து விலகியது. ஆணையம் பயனின்றி முடிந்தது.

இவ்வனுபவத்திலிருந்து பெறப்பட்ட பாடம் அடுத்த முப்பதாண்டு வழக்குகளின் போக்கை உருவாக்கியது. விசாரணை ஆணையம் அரசின் விருப்பத்தால் பிறப்பது. அரசின் விருப்பத்தால் மடிவது. குற்றவியல் நடைமுறையோ அரசின் விருப்பத்தைச் சாராமல் இயங்க வேண்டியது. ஆகவே, புதிய சலுகை எதையும் வேண்டாமல், எல்லாக் கொலைகளுக்கும் பொருந்தும் சட்டம் இக்கொலைகளுக்கும் பொருந்த வேண்டும் என்று மட்டும் கேட்பது என்னும் உத்தி உருப்பெற்றது. வேண்டுகோள் மிக எளியதாகத் தோன்றும். அதற்குக் கொடுக்கப்பட்ட விலை எளியதன்று. சங்கத்தின் முன்னணியாளர் மருத்துவர் இராமநாதம் 1985 செப்டம்பரில் வாரங்கலில் தம் மருத்துவமனையில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்குரைஞர் நர்ரா பிரபாகர ரெட்டி 1991இலும், புருஷோத்தம் 2000இல் ஐதராபாத்திலும், ஆசம் அலி 2001இல் நல்கொண்டாவிலும் கொல்லப்பட்டனர்.

இறந்தவர்மேல் வழக்கு

மோதல் சாவு நிகழ்ந்தபின் காவல் நிலையத்தில் வழக்கமாக நடந்தது என்ன என்பதை அறிந்தால்தான் மேற்சொன்ன எளிய வேண்டுகோளின் பொருள் விளங்கும். மோதலில் பங்கு கொண்ட காவல் அதிகாரியே முறையீட்டாளர் ஆவார். 'ரோந்து சென்ற எங்களை நோக்கி ஆயுதம் தாங்கியோர் சுட்டனர். தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம். சூடு ஓய்ந்தபின் பார்த்தபோது உடல்கள் கிடந்தன' என்ற கருத்தில் முறையீடு அமையும். அதன்மேல் இந்திய தண்டனைச் சட்டம் 307ஆம் பிரிவில், கொலை முயற்சி வழக்கு பதிவாகும். குற்றஞ்சாட்டப்பட்டவர் யார் எனில், சுடப்பட்டு இறந்தவரே. பின், குற்றஞ்சாட்டப்பட்டவர் இறந்துவிட்டமையால் வழக்கு அற்றுப்போயிற்று எனக் கோப்பு மூடப்படும். வருவாய்த் துறையைச் சார்ந்த நிர்வாக நடுவர் ஒரு விசாரணை நடத்தி அறிக்கை தருவார். கொல்லப்பட்டவன் எதிரி, கொன்றவர் வாதி, எதிரி இல்லாமையால் வழக்கு இல்லை. சட்டத்தின் சொற்களைக் கொண்டே சட்டத்தை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இதனினும் நேர்த்தியாக அமைந்திருக்க இயலாது.

சொற்களின் பங்கும் இங்கே நோக்கத்தக்கது. தெலுங்கு ஏடுகள் 'எதுருகால்புலு' என எழுதும். 'எதுரு' என்பது தமிழின் 'எதிர்' என்பதே. எதிரெதிர் நின்று சுட்டுக்கொண்டமை என்பது அதன் பொருள். தமிழ் ஏடுகளின் 'மோதல்' என்னும் சொல்லும் இருவர் வினையைக் குறிப்பது. 'என்கவுன்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்தாண்டாலும் பொருள் அதுவே. இருதரப்பும் சுட்டனவா என்பதுதான் விசாரிக்கப்பட வேண்டிய பொருள். அந்த விடையைச் சொல் முன்கூட்டியே தந்துவிடுகிறது.

தமிழிலக்கியம் பயில்வோர்க்கு இவ்விடத்தில் சிலப்பதிகாரத்து வழக்குரை காதை நினைவுக்கு வரும். பொற்கொல்லன் சொல்லொன்றே சான்றாகக் கோவலன் கொல்லப்படுகிறான். விசாரணை கொலைக்குப் பின் வருகிறது. கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் அன்று என்னும் பாண்டியன் விடை, சட்டத்தின் மறுமொழியாக வழுவற்றது. அவன் கள்வனா என்பதே கேள்வி என்பதால் அவ்விடை விடையாகாது. அதைத் தீர்த்து வைத்தது சிலம்பின் உட்பரல். காப்பியத்தில் மன்னன் சான்றை வரவழைத்துத் தன் முன்னே உடைக்க இசைந்தான். ஐதராபாத் வழக்குகள் கேட்டதும் பெரும்பாலும் அவ்வளவே. சான்று எங்கே, அதை உடைத்துப் பார்ப்பவர் யார்?

குடியுரிமைச் சங்கம் தேசிய மனித உரிமை ஆணையத்திற்கு அளித்த முறையீடுகளின் பேரில், 1996 நவம்பரில் அவ்வாணையம் இம்முறையை ஆராய்ந்து ஆணையிட்டது. காவலர் சுட்டு ஒருவர் இறந்தார் எனும் தகவலே குற்றம் நடந்திருக்கலாம் என ஐயுறப் போதுமானது. ஒரே நிலையத்தார் தம்மைத் தாமே விசாரிக்கலாகாது. மாநிலக் குற்றப் புலனாய்வுத் துறை போன்ற வேறு அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும் என்பன அதன் சாரம். ஆணையத் தலைவர் நீதிபதி எம்.என். வெங்கடாசலய்யா 1997 மார்ச் 29 அன்று எல்லா மாநில முதலமைச்சர்களுக்கும் இதனைக் கடிதமாக எழுதினார். ஆந்திரக் காடுகளில் எழுந்த கேள்வி நாடு முழுமைக்குமான நெறிமுறையாயிற்று. ஆயினும் ஆணையத்தின் சொல் பரிந்துரையே. நீதிமன்ற ஆணையைப் போல அது கட்டுப்படுத்துவதில்லை.

ஐவர் அமர்வு

2006 ஜூலை 23 அன்று நல்லமலைக் காட்டில் மாவோயிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் மாதவ் உள்ளிட்ட 8 பேர் கொல்லப்பட்டனர். அதன்மேல் குடியுரிமைச் சங்கம் ஐதராபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிப் பேராணை மனு தொடுத்தது. வழக்கின் முதன்மை கருதி அது ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குச் சென்றது. வாதிட்டவர்களுள் கே. பாலகோபால் குறிப்பிடத்தக்கவர். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று வாரங்கல் காகதீயப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். சங்கத்தின் பொதுச் செயலாளராக நெடுங்காலம் இருந்து, பின்னரே சட்டம் பயின்று வழக்குரைஞரானவர். ஆயுதம் தாங்கிய இயக்கங்களின் வன்முறையையும் அரசின் வன்முறையைப் போலவே விமர்சிக்க வேண்டும் எனக் கருதிச் சங்கத்திலிருந்து பிரிந்து, 1998இல் மனித உரிமை மன்றத்தை நிறுவிய குழுவில் இருந்தவரும் அவரே. பிரிந்த சங்கத்தின் வழக்கில் அவர் வாதிட்டமை அக்காலத்து அரசியலில் அரிதான ஒன்று.

அரசுத் தரப்பு வாதத்தையும் எளிதாகப் புறந்தள்ள இயலாது. காவல்துறை உயரதிகாரி கே.எஸ். வியாஸ் 1993இலும், உமேஷ் சந்திரா 1999இலும் ஐதராபாத் நகரிலேயே நக்சலைட்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர். உயிரைப் பணயம் வைத்துக் காட்டுக்குள் செல்லும் காவலர் ஒவ்வொருவரும் திரும்பியதும் கொலைக் குற்றவாளியாக நிற்க வேண்டுமா என்பது அத்தரப்பின் கேள்வி. தற்காப்பு என்பது குற்றமே அன்று எனச் சட்டம் கூறும்போது வழக்கு எதற்கு என்றும் அது கேட்டது.

2009 பிப்ரவரி 6 அன்று நீதிபதி கோதா ரகுராம் தலைமையில் எழுதப்பட்ட தீர்ப்பு, இக்கேள்விகளுக்குச் சட்டத்தின் இயல்பான வரிசையை நினைவூட்டி விடை தந்தது. ஒருவர் மற்றொருவரால் உயிரிழந்தார் என்பதே முதலில் நிற்கும் செய்தி. தற்காப்பு என்பது அதற்கு விதிவிலக்கு. விதிவிலக்கை வேண்டுபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் எனச் சாட்சியச் சட்டம் 105ஆம் பிரிவு கூறுகிறது. மெய்ப்பிக்கும் இடம் நீதிமன்றம். ஆகவே தகவல் கிடைத்ததும் கொலையாகக் கொள்ளத்தக்க மரணம் என முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும்; புலனாய்வு நடக்க வேண்டும். தற்காப்பே எனப் புலனாய்வு அதிகாரி முடிவு கூறினும் அம்முடிவு நீதித்துறை நடுவரைக் கட்டுப்படுத்தாது. அவர் தாமே ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும். நிர்வாக நடுவரின் விசாரணை இதற்கு மாற்றாகாது. சுட்டவர் எவர் என்பதைப் புலனாய்வு செய்வோரிடமிருந்து மறைக்கவும் இயலாது.

பதிவு செய்தல் என்பது தண்டித்தல் அன்று. கைது செய்தலும் அன்று. ஒரு சாவுக்கு விளக்கம் கேட்கும் முதல் படி மட்டுமே அது. இக்கண்ணோட்டம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. ஜிப்ரால்டரில் பிரித்தானியப் படையினர் மூவரைச் சுட்டுக் கொன்ற நிகழ்வில் 1995இல் தீர்ப்பளித்த ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அரசின் கையால் உயிர் போனால் பயனுள்ள விசாரணை நடத்தும் கடமை உயிர் வாழும் உரிமையிலேயே அடங்கியது என வகுத்தது. ஐவர் அமர்வு அதே இடத்திற்கு உள்நாட்டு நடைமுறைச் சட்டத்தின் பிரிவுகள் வழியாகவே சென்று சேர்ந்தது. அதுவே அத்தீர்ப்பின் சிறப்பு என்று கொள்ளலாம்.

காவல் அதிகாரிகள் சங்கத்தின் முறையீட்டின்பேரில் 2009 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இத்தீர்ப்புக்குத் தடை விதித்தது. பாலகோபால் அவ்வாண்டு அக்டோபரில் காலமானார். கண்ணபிரான் 2010 டிசம்பர் 30 அன்று மறைந்தார். தீர்ப்பு ஒரு நாளேனும் முழுமையாக நடைமுறைப்பட்டதை இருவரும் காணவில்லை.

சேஷாசலம்

தமிழகத்தார்க்கு இவ்வழக்குகள் அயல்மாநிலச் செய்தியாகவே இருந்து வந்தன. 2015 ஏப்ரல் 7 அந்நிலையை மாற்றியது. திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படை இருவேறு இடங்களில் சுட்டதில் 20 பேர் இறந்தனர். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்து கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள் அவர்கள். ஜவ்வாது மலையைச் சார்ந்த பழங்குடியினரும் அவர்களுள் இருந்தனர். அரிவாளாலும் கல்லாலும் தாக்கினர். தற்காப்புக்குச் சுட்டோம் என்றது காவல்துறை. அவர்களுள் சிலர் முன்நாளே பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுசெல்லப்பட்டனர் என்று, உடன் சென்று தப்பியவர்கள் கூறினர். மதுரையைச் சார்ந்த மக்கள் கண்காணிப்பகம் அவர்களைத் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் நிறுத்தியது.

சித்தூர் மாவட்டம் அப்போது ஐதராபாத்தில் இயங்கிய பொது உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருந்தது. குடியுரிமைச் சங்கம் அங்கே மனு தொடுத்தது. 2009 தீர்ப்பு தடையிலிருந்தபோதும் அதன் கேள்வி தடைபடவில்லை. சுட்டவர்கள்மேல் ஏன் கொலை வழக்குப் பதியவில்லை என நீதிமன்றம் அரசைக் கேட்டது. கணவனை இழந்த தமிழ்ப்பெண் ஒருவர் முதலில் சென்னை உயர் நீதிமன்றத்தையும், பின் ஐதராபாத் உயர் நீதிமன்றத்தையும் அணுகினார். அவருடைய முறையீட்டின்பேரில் சந்திரகிரிக் காவல் நிலையத்தில் கொலை, கடத்தல் ஆகிய குற்றங்களுக்கு அதிரடிப்படையினர்மேல் முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. உறவினர் எரிக்காமல் வைத்திருந்த உடல்களுக்கு மறு பிணக்கூறாய்வும் நடந்தது. இறந்த கூலித் தொழிலாளர்மேல் எழுதப்பட்ட வழக்கு ஒருபுறம் இருக்க, சுட்டவர்மேல் எழுதப்பட்ட வழக்கு மறுபுறம் நின்றது. இரண்டாவது அறிக்கை அங்கே இடம்பெற்றது, இறந்தவர் மனைவி இரண்டு மாநிலங்களின் நீதிமன்றப் படிகளை ஏறியதனால்.

எனினும் இதன் வரம்பையும் மறைத்தற்கில்லை. பதிவான வழக்கை விசாரித்தது அதே மாநிலத்தின் சிறப்புப் புலனாய்வுக் குழு. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க வேண்டும், குடும்பத்திற்கு 5 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்ற மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரை அரசால் எதிர்க்கப்பட்டு உயர் நீதிமன்றத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. மலைக்கிராமத்துக் குடும்பங்களுக்குத் தெலுங்கில் எழுதப்பட்ட ஆவணங்களும் ஆங்கிலத்தில் நடந்த வாதங்களும் ஒருசேர எட்டாதவை. சட்டம் வழங்கும் உரிமைக்கும் அதைக் கேட்டுப் பெறும் மொழிக்கும் இடையே உள்ள தொலைவு தனியே ஆராயத்தக்கது.

பெயரில்லாத கட்டம்

இதற்கிடையே, மும்பையில் நடந்த மோதல் சாவுகள் பற்றிய மக்கள் குடியுரிமைக் கழக வழக்கில் 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்திருந்தது. முதல் தகவல் அறிக்கை கட்டாயம். வேறு காவல் நிலையமோ குற்றப் புலனாய்வுத் துறையோ விசாரிக்க வேண்டும். நடுவர் விசாரணை நடைபெற வேண்டும். ஐயம் தீரும் முன் வீரப் பதக்கமும் பதவி உயர்வும் கூடா. இவை பெரும் முன்னேற்றங்கள். ஆனால் அறிக்கை 'அதன் பொருட்டு' பதியப்பட வேண்டும் என்று கூறிய தீர்ப்பு, அது எவர்மேல் பதியப்பட வேண்டும் என்று கூறாமல் விட்டது. ஐதராபாத் ஐவர் அமர்வு நிரப்பிய கட்டம் அங்கே வெற்றிடமாக நின்றது. 2019 ஜூலையில், 2014 நெறிமுறைகளைச் சுட்டி, 2009 தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நீக்கிற்று.

ஐந்து மாதம் கழியவில்லை. கால்நடை மருத்துவர் ஒருவர் கொடுமைக்கு உள்ளாகிக் கொல்லப்பட்ட வழக்கில் கைதான நால்வர், 2019 டிசம்பர் 6 விடியலில் ஐதராபாத்தை அடுத்த ஷாத்நகர்ப் பகுதியின் சட்டான்பள்ளியில் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். நிகழ்விடத்தில் மக்கள் காவலர்மேல் மலர் தூவினர். நல்லமலையில் ஆளரவமற்ற காட்டில் நடந்தது, இங்கே கைதட்டலோடு நடந்தது. ஷாத்நகரில் பதிவான முதல் தகவல் அறிக்கையில் முறையீட்டாளர் ஒரு காவல் அதிகாரி, பிரிவு 307, குற்றஞ்சாட்டப்பட்டோர் இறந்த நால்வர். கிராயிப்பள்ளிக்குப் பின் நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

மாறியது ஒன்று உண்டு. அன்றிரவே தெலங்கானா உயர் நீதிமன்றம் உடல்களைப் பாதுகாத்து வைக்க ஆணையிட்டது. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக மருத்துவர்கள் மறு பிணக்கூறாய்வு நடத்தினர். சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் நீதிபதி வி.எஸ். சிர்பூர்கர் தலைமையில் ஆணையம் அமைத்தது. பம்பாய் உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி ரேகா சோந்தூர் பல்தோட்டாவும், மத்தியப் புலனாய்வுத் துறை முன்னாள் இயக்குநரான தமிழகத்து டி.ஆர். கார்த்திகேயனும் அதன் உறுப்பினர்கள். 1977இல் கிடைக்காத திறந்த விசாரணை இம்முறை கிடைத்தது. காவலர் குறுக்கு விசாரணைக்கு உள்ளாயினர். துப்பாக்கியைப் பறித்துச் சுட்டனர் என்ற கூற்று தோட்டா தோட்டாவாகச் சோதிக்கப்பட்டது. அக்கூற்று நம்பத்தக்கதன்று என முடிவு கண்ட ஆணையம், காவலர் 10 பேர் கொலைக் குற்றத்திற்காக விசாரிக்கப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அறிக்கையை மூடி முத்திரையிட்டு வைக்க வேண்டும் என அரசுத் தரப்பு கேட்டும், 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதனைத் தரப்பினர்க்கு வழங்க ஆணையிட்டு, மேல்நடவடிக்கையைத் தெலங்கானா உயர் நீதிமன்றத்திடம் விட்டது.

2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடப்புக்கு வந்தது. 302 என்பது 103 ஆயிற்று. 307 என்பது 109 ஆயிற்று. சட்டான்பள்ளி நிகழ்வு அதற்கு முற்பட்டதாதலின் பழைய எண்களே அதற்குப் பொருந்தும். அவ்வெண்களைத் தாங்கிய அறிக்கையும், அதன்மேல் காவலரும் இறந்தோர் குடும்பத்தாரும் தொடுத்த மனுக்களும், மூசிக் கரையில் 2009 தீர்ப்பு வாசிக்கப்பட்ட அதே கட்டடத்திற்கே சென்று சேர்ந்தன.